பொடக்காளிக் கதவு

உக்காருங்கக்கா, இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். கட்டுச்சோறுதானுங்க. நான் கட்டுனது இல்ல, அவ கட்டிக் கொண்டாந்தது. அந்தா முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல ஊதாச் சேலையோட ஒருத்தி உக்காந்திருக்கறா பாருங்க, அவதான் பாவாத்தா. நாங்க ஒரே ஊரு. ஏறுறப்பக் கூட்டம், எடம் தனித்தனியாத்தான் கெடைச்சுது. கொஞ்சம் மெதுவாப் பேசறேனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க.

நீங்க கோயமுத்தூருக்குங்களா? ஆஸ்பத்திரிக்கா? ம்... நாங்க பல்லடத்துல எறங்கோணும். கோர்ட்டுக்கு. இல்லீங்க, எம்மேல கேஸ் இல்ல, நான் சாட்சி. ஊர்ல பாதிப் பேத்துக்கு அந்த வித்தியாசமே தெரியறதில்ல. கோர்ட்டுக்குப் போறான்னா களவாண்டிட்டான்னு நெனைக்கறாங்க. டீக்கடை மாரப்பன், அவன் கடைக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்ததே நான்தான், இப்ப என்னையக் கண்டா உள்ள போயிக்கறான்.

இன்னைக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பதிலுங்க. "குடோனுக்குப் பின்கதவு இருக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னது யாரு?" அப்படீன்னு வக்கீல் கேப்பாரு. குடோன்காரரு குழந்தைவேலண்ணன்னு நான் சொல்லோணும். சொன்னா அண்ணன் உள்ள போயிருவாரு. சொல்லாட்டி நான் போயிருவேன். கேஸு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்குது. போலீஸ்ல எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. இன்னைக்கு வாயால சொல்றது மட்டும்தான் பாக்கி.

தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா நூறு நாயம் பேசுவாங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருவீங்க, நான் கோர்ட்டுக்குப் போயிருவேன்.

எனக்கு ஊர்ல இ-சேவை மையமுங்க. ஆலந்தோட்டத்துப் புதூரு. பேரு திலகவதி, ஆனா எல்லாரும் கம்ப்யூட்டரக்காம்பாங்க. பொறப்பு, எறப்பு, சாதிச் சர்டிபிகேட்டு, பட்டா, எல்லாம் எங்கிட்டத்தான். அதுலயும் கடை லைசென்ஸ், கம்பெனி லைசென்ஸ்னா காங்கயத்துல இருந்தெல்லாம் தேடி வருவாங்க. குடியரசு தினத்துல மேடையில கூப்பிட்டு ஷீல்டு குடுத்தாங்க எனக்கு. மையத்துல மாட்டியிருந்தேன். இப்பக் கழட்டி பீரோவுல வெச்சிருக்கேன்.

முந்தியெல்லாம் எப்படீங்க? என்ற ஊட்டுக்காரரு ஒரு மளிகைக்கடை வெக்கறேன்னு எட்டு மாசம் அலைஞ்சாரு. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனா சுகாதாரத்துக்குப் போம்பாங்க, அங்க போனா ஆபீசரு லீவும்பாங்க, அவரு வந்தா பாரம் பழசு, புதுப் பாரத்துல எழுதிக் கொண்டாம்பாங்க. பாக்க வர்றவங்களுக்கு எளநி வெட்டி, மத்தியானச் சோத்துக்கு ஏற்பாடு பண்ணி, போறப்பக் கையில கவரு. அப்படியும் லைசென்ஸ் வரலை. மனுசன் வெறுத்துப் போயி லாரிக்குப் போனாரு. அப்படியே போனவருதான். அந்த எட்டு மாசம் மட்டும் இல்லாட்டி இன்னைக்கு எனக்கும் ஒரு புருசன், ஒரு கடை, எல்லாம் இருந்திருக்குமுங்க.

அதனால, எல்லாம் ஆன்லைன்ல வந்துருச்சு, யாரையும் போய்ப் பாக்க வேண்டாம்னு சொன்னப்ப, நான் அழுதேனுங்க. நெசமாத்தான். பாரத்துல இருபத்தி மூணு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஆம், இல்லைன்னு ரெண்டு வட்டம். எதுல வேணுமோ அதுல தொட்டா போதும். கடைசில, மேற்கண்டதெல்லாம் உண்மைன்னு ஒரு கட்டம், அதுல ஒரு டிக். போனுக்கு நம்பர் வரும், அதைப் போட்டா லைசென்ஸ் அங்கேயே அச்சாகி வந்துரும். மாரப்பனுக்கு நான் எடுத்துக் குடுத்தப்ப அவன் வாங்கி வெச்ச டீ ஆறலைங்க. குடிச்சுட்டே லைசென்ஸைக் கையில வாங்குனான்.

எல்லாத்துக்கும் அப்படி வராதுங்க. சில கேள்விக்கு இல்லைன்னு போட்டா செவப்பு எழுத்து வந்துரும். அப்பறம் அது நகராது. நகராதுன்னா... நகருமுங்க. ஆய்வுக்குப் போயிரும். ஆள் வந்து பாத்து, எழுதி, அதுக்கப்பறம் குடுப்பாங்க. முப்பது நாளும்பாங்க, நாப்பதும் ஆகும். எந்தக் கேள்விக்கு செவப்பு வரும், எதுக்குப் பச்சை வரும்னு எனக்கு மனப்பாடம். ஷீல்டு குடுத்ததே அதுக்குத்தானுங்க. என்ற மையத்துல ஒரு பாரம்கூட ஆய்வுக்குப் போனதில்லைன்னு மேடையில படிச்சாங்க.

குழந்தைவேலண்ணன் வந்தது போன வருசம் ஆனிக் கடைசி. பனியன் கம்பெனில துணி வெட்டுறப்ப விழுகற வேஸ்ட்டை மூட்டை மூட்டையா வாங்கியாந்து, வெள்ளை தனியா, கலர் தனியா பொம்பளைங்களை வெச்சுப் பிரிச்சு, மில்லுக்கு அனுப்பறவரு. நல்ல மனுசனுங்க. அதை நான் கோர்ட்டுலயும் சொல்லுவேன், கேட்டா. தோட்டத்துல தறி ஓட்டிட்டிருந்த பழைய கொட்டாயிதான் குடோன். மூணு பக்கமும் சுவரு, முன்னால ஒரு ஷட்டரு. மூட்டை கட்டற மிசின் ஒண்ணு வாங்கிட்டாரு, அதுக்குப் பெரிய கரண்டு வேணும், லைசென்ஸ் இல்லாம கரண்டு குடுக்க மாட்டேனுட்டாங்க.

"அம்மிணி, எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது, நீயே பாத்துப் போடு"ன்னு உக்காந்தாரு. இதை நல்லாக் கேட்டுக்கோங்க. நீயே பாத்துப் போடுன்னாரு.

நான் ஒவ்வொண்ணாப் படிக்கறேன். தண்ணி வசதி உண்டா, ஆம். கக்கூசு உண்டா, ஆம். பதினேழாவது கேள்வி, அவசர காலத்தில் வெளியேற மாற்று வழி உண்டா. அண்ணன் குனிஞ்சு திரையைப் பாத்தாரு. அப்பறம், "அது இல்லையேம்மிணி. இல்லைன்னே போடு. பின்னால பொடக்காளிப் பக்கம் சுவத்தை இடிச்சு ஒரு கதவு வெக்கோணும்னு நானும் நெனைச்சுட்டுத்தான் இருக்கறேன்"னாரு.

ஆமாங்க, இல்லைன்னுதான் சொன்னாரு. நான் மறைக்கலையே. ஆனா எப்படிச் சொன்னாருன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல? அழுத்தமாச் சொல்லலை. அழுத்தமாச் சொல்லியிருந்தா நான் அப்படியே போட்டிருப்பேன். "இல்லைன்னு போட்டா செவப்பு வந்துருங்ணா, ஆளு வருவாங்க, எளநி வெட்டோணும், ரெண்டு மாசம் ஆயிரும்"னேன். "அப்பக் கரண்டு?"ன்னாரு. "கரண்டும் அப்பறம்தான்"னேன். தலையைச் சொறிஞ்சாரு. "கதவு வெக்கத்தானே போறீங்க?"ன்னு கேட்டேன். "வெக்காம? மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு. நாளான்னைக்கு வந்து இடிக்கறேன்னுருக்கறான்"னாரு. அப்பறமென்னங்க? நாளான்னைக்கு வரப்போற கதவு, இன்னைக்கே ஆம்னு போட்டா என்ன தப்பு? தொட்டேன். பச்சை வந்துருச்சு. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாருங்க, என்னைய இல்ல, கம்ப்யூட்டரை.

லேமினேஷன் பண்ணிக் குடுத்தேன். ஷட்டருக்கு மேல மாட்டி, மல்லிகைப்பூச் சரம் போட்டு வெச்சாரு.

கதவு என்ன ஆச்சுங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன். நாளான்னைக்குன்னா ஆடி ஒண்ணு. மேஸ்திரி கடப்பாரையோட வந்துட்டான். நான் அந்தப் பக்கமாத்தான் போனேன், பாவாத்தா ஊட்டுக்கு. "என்னுங்ணா இது, ஆடி பொறந்த அன்னைக்கு?"ன்னு கேட்டேன். கதவுன்னா நெலவு, அதானுங்க நெலைச்சட்டம், வெக்கோணும். ஆடியில யாராச்சும் நெலவு வெப்பாங்களா, நீங்களே சொல்லுங்க. உங்க ஊர்ப்பக்கம் வெப்பாங்களா? பாத்தீங்களா, நீங்களே தலையாட்டறீங்க.

"குடோனுக்கென்ன அம்மிணி ஆடியும் ஆவணியும், வீடா இது?"ன்னாரு. நான் விடலை. "புது மிசின் வந்திருக்குது, லைசென்ஸ் வந்திருக்குது, எல்லாம் கூடி வர்ற நேரத்துல ஒரு மாசம் பொறுத்தா என்ன?"ன்னேன். போன்ல காலண்டரைத் தெறந்து நானே நாள் பாத்துக் குடுத்தேன். ஆவணி நாலு, வளர்பிறை முகூர்த்தம், காலைல ஆறுக்கு மேல ஏழரைக்குள்ள. மேஸ்திரி கடப்பாரையை எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு தட்டுத் தட்டியிருந்தான், சுவத்துல காரை பேந்து செங்கல் தெரிஞ்சுது. அது அப்படியே நின்னு போச்சு.

நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். கெட்டது நெனைச்சா நாள் பாத்துக் குடுப்பேனா?

சித்த இருங்க... ஒண்ணுமில்ல, அவ திரும்பிப் பாக்கறா. ஆங், இருக்குதுக்கா, பை எங்கிட்டத்தான் இருக்குது! ம், நீ தூங்கு! பாவம், நேத்துப் பூரா தூங்கலையாம். கோர்ட்டுன்னா அவளுக்குப் பயம். நான் இருக்கறேன்கிற தைரியத்துலதான் வர்றா. பொங்கலூர்ல அவ பக்கத்து சீட்டு காலியாச்சுங்க. நான் போயி உக்காரலாம். இங்கயே காத்தோட்டமா இருக்குதுன்னு இருந்துட்டேன்.

அவளுக்கு ஒரே புள்ள, மௌனிகா. பன்னண்டு முடிச்சிருந்தா. நர்சு படிக்கோணும்னு அப்ளிகேசன் போட்டதும் என்ற மையத்துலதான். நான்தான் போட்டேன். எடம் கெடைச்சிருச்சு, ஆவணியில காலேஜு. நடுவுல ஒரு மாசம். "சும்மா ஊட்டுல இருந்து போனைப் பாத்துட்டு என்ன பண்ணப் போறே, குழந்தைவேலண்ணன் குடோன்ல ஆள் கேக்கறாங்க, போ கண்ணு"ன்னேன். பாவாத்தாளுக்கு இஷ்டமில்ல, தூசின்னா. அன்னைக்கு, ஆடி ஒண்ணாந் தேதி, நான் அவ ஊட்டுக்குப் போனதே அதைப் பேசத்தான். லைசென்ஸ் உள்ள எடமக்கா, கவர்மெண்டே குடுத்திருக்குதுன்னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன்.

ரெண்டு நாள் போயிட்டு வந்து புள்ள எங்கிட்டச் சொன்னா, "அக்கா, உள்ள ஒரே வெக்கை, இருக்கறது ஒத்தை வாசல், அதையும் முழங்கால் வரைக்கும் எறக்கி விட்டுடறாங்க"ன்னு. ஆடிக்காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? ஷட்டரைத் தெறந்து வெச்சா பிரிச்சு வெச்ச வெள்ளையும் கலரும் ஒண்ணாக் கலந்து தோட்டம் பூரா பறக்கும். அதனால எறக்கி வெக்கறது. எல்லாக் குடோன்லயும் அப்படித்தானுங்க. "ஆவணியில கதவு வந்துரும் கண்ணு"ன்னேன். "நான் அப்ப காலேஜுக்குப் போயிருவேனேக்கா"ன்னு சிரிச்சா.

ஆடி இருபத்தி நாலு. மத்தியானம் மூணு மணி. சுவிச்சு போர்டு ஷட்டரை ஒட்டித்தான். புது மிசினுக்குப் போற வயருல பொறி. வேஸ்ட்டுத் துணி, பஞ்சுத் தூசி, கேக்கவா வேணும்? ஆறு பேரு உள்ள. ஷட்டர்கிட்ட உக்காந்திருந்த நாலு பேரு தவழ்ந்து வெளிய வந்துட்டாங்க, முதுகெல்லாம் வெந்து. புதுசா வந்தவங்களுக்குக் கடைசி எடம், சுவரு ஓரம். மௌனிகா அங்க. ராமாத்தாங்கிற கெழவி ஷட்டர் வரைக்கும் வந்துட்டாளாம். புள்ளையக் காணம்னு திரும்பிப் போனாளாம். ரெண்டு பேரும் வரலை.

அந்தச் சுவத்தடியிலதான் கெடந்தாங்களாம். மேஸ்திரி தட்டி வெச்ச எடத்துல. கையால சொரண்டியிருக்காங்கன்னு தீயணைப்புக்காரங்க சொன்னதா ஊர்ல பேசிக்கறாங்க. நான் பாக்கலை. அதெல்லாம் பாத்தா எனக்கு ஆகாது.

ஓடுனேனான்னு கேக்கறீங்களா? ஓடாம இருப்பேனா. பொகை தெரிஞ்சதும் ஊரே ஓடுச்சு. நானும் எந்திரிச்சேன். எந்திரிச்சவ, என்னமோ, திரும்ப உக்காந்துட்டேன். கம்ப்யூட்டர்ல அண்ணனோட பாரத்தைத் தெறந்தேன். பதினேழாவது கேள்வி. ஆம்னுதான் இருந்துச்சு. மாத்த முடியுமான்னு பாத்தேன். சமர்ப்பிச்சதை மாத்த முடியாதுங்க. எங்க தொட்டாலும் தொட விடாது. மூணு தடவை, நாலு தடவை தொட்டுப் பாத்துட்டு, அப்பறம் மூடி வெச்சுட்டு ஓடுனேன். நான் போய்ச் சேர்றப்ப ஷட்டரைக் கடப்பாரை போட்டு நெம்பிட்டு இருந்தாங்க. பாவாத்தா மண்ணை அள்ளி அள்ளி வீசிட்டு இருந்தா. ரெண்டு பேரு அவளைப் புடிச்சுட்டு நின்னாங்க. நானும் போயிப் புடிச்சுக்கிட்டேன்.

மறுநாளு ஸ்டேஷனுக்குக் கூப்புட்டாங்க. பாரத்தை அச்செடுத்து மேசை மேல வெச்சிருந்தாங்க. அந்தப் பதினேழாவது கேள்வியச் செவப்புப் பேனாவுல சுழிச்சிருந்தாங்க. "இதை யாரு போட்டது?"ன்னாங்க. அங்க இருந்த ஒருத்தர் நல்லவரு, தண்ணி குடுத்து உக்கார வெச்சு, "இதா பாரும்மா, அவரு சொன்னாரு, நீ தட்டுனே. அப்படின்னா நீ சாட்சி. நீயாத் தட்டுனேன்னா நீயும் குத்தவாளி, கேஸுல ரெண்டாவது எதிரி. யோசிச்சுச் சொல்லு"ன்னாரு. யோசிக்க என்னங்க இருக்குது? நான் ஒத்தைப் பொம்பளை. மையத்தை மூடிட்டா ஊர்ல அத்தனை பேரு சர்டிபிகேட்டுக்கு எங்க போவாங்க? அவரு சொன்னாரு, நான் தட்டுனேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

அண்ணனைக் கூட்டியாந்தப்ப நான் பக்கத்து ரூம்புல இருந்தேன். கதவு வெக்க வேண்டாம்னு நான் சொன்னதைச் சொல்லிருவாரோன்னு சுவத்துல காதை வெச்சுக் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லலைங்க. "என்ற குடோனு, என்ற பொறுப்பு, அந்தப் புள்ளைங்க எம்பட நெழல்ல வேலை செஞ்சவங்க"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. என்ற பேரு அவரு வாயில வரவேயில்ல. பாத்தீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு. மனசுல குத்தம் இல்லாதவரு ஏன் அப்படிச் சொல்றாரு? அதுக்கப்பறம்தான் எனக்கு மனசு ஆறுச்சு. சரி, அவரு மேலதான் தப்புன்னு.

அவரு சம்சாரம் வந்தாங்க, தை மாசம். வாசல்லயே நின்னாங்க, உள்ள வான்னாலும் வரலை. "திலகா, நீ ஒண்ணும் புதுசாச் சொல்ல வேண்டாம் சாமி. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாப் போதும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நடந்த மாதிரிதானே நானும் சொல்றேன்? நடந்ததுல எல்லாத்தையும் சொல்ல முடியுமா? வக்கீலே சொல்லியிருக்காரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கதை சொல்லாதேன்னு.

பாவாத்தாளுக்கு என்ன தெரியுமான்னா... லைசென்ஸ் நான் எடுத்துக் குடுத்தது தெரியும். ஊருக்கே தெரியுமே. அதுல என்ன எழுதுனேன்னு தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. நெலவு வெக்க வேண்டாம்னு சொன்னது மேஸ்திரிக்குத் தெரியும், அவன் கேரளாப் பக்கம் வேலைக்குப் போயிட்டான். அவ பாவம், எல்லாத்துக்கும் எங்கிட்டத்தான் வருவா. புள்ளையோட எறப்புச் சர்டிபிகேட்டு நான்தான் போட்டேன். நிவாரணத்துக்கு மனுவும் நான்தான் போட்டேன். அவகிட்ட போன் இல்ல, வீட்டுல இருந்த ஒரே போனு புள்ளையோடது, அது உள்ளயே போச்சு. அதனால என்ற நம்பரையே குடுத்திருக்கேன். மனுப் போட்ட அன்னைக்கு என்ற ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாளுங்க. "நீயும் இல்லாட்டி நான் எந்த ஆபீசுக்குன்னு போவேன், தாயி"ன்னா. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை. பட்டினியாத்தான் படுத்தேன்.

நிறுத்தலீங்களே, மையத்தை ஏன் நிறுத்தோணும்? இப்பவும் வர்றாங்க. முன்ன மாதிரி மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல, ஆனா லைசென்ஸ் வேணும்னா வந்துதானே ஆகோணும். இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்டு ஆக்கிட்டாங்க. அந்தப் பதினேழாவது கேள்விக்கு ஆம்னு போட்டா மட்டும் பத்தாது, கதவைப் போட்டோ எடுத்து ஏத்தோணும். ஏத்தாட்டி செவப்பு. மொத ரெண்டு வாரம் எல்லாப் பாரமும் நின்னு போச்சு. ஒருத்தன், மாவு மில்லு வெக்கறவன், கண்ணுல தண்ணி விட்டுட்டான். எனக்கு என்ற ஊட்டுக்காரரு ஞாபகம் வந்துருச்சு. மனசு கேக்கலைங்க.

அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கேன். இருங்க, போன்ல காட்டறேன். இந்தா, இதுதான். நல்லாருக்குதுங்கல்ல? என்ற ஊட்டுப் பொடக்காளிக் கதவு. பச்சைப் பெயிண்ட் அடிச்சு, காலைல வெயில்ல எடுத்தேன். எல்லாத்துக்கும் இதையேதான் ஏத்தறேன். மாவு மில்லுக்கு, ரெண்டு தையல் கம்பெனிக்கு, மெத்தைக்கடைக்கு, அப்பறம் ஒரு பாலவாடி மாதிரி, புள்ளைங்களைப் பாத்துக்கற எடம் ஒண்ணு, அதுக்கு. பதினொண்ணு ஆயிருச்சு. எல்லாம் பச்சைதான். அவங்களும் பின்னால கதவு வெச்சுக்குவாங்க, சொல்லித்தான் அனுப்பறேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? பல்லடம்கூட இன்னும் வரலீங்களே. காத்து வேணும்னா சன்னலோரம் நீங்க வாங்க, நான் மாறிக்கறேன்... முன்னாலயா? பின்னால எத்தனை எடம் கெடக்குது பாருங்க, பின்னால போங்கக்கா. அங்க வேண்டாமுங்க. அவ தூங்கறா. அவளை எழுப்பாதீங்க...

அக்கா, சித்த கேளுங்க. உங்களுக்கு ஊரு தெரியாது, ஆளு தெரியாது, நான் என்னமோ வழிப்பொழுது போகோணும்னு பேசுனேன். அய்யோ, பாவாத்தா முழிச்சு நகுந்து எடம் விடறாளே. அக்கா, சொல்லிராதீங்கக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவளுக்கு என்னைய விட்டா வேற ஆருமே இல்லீங்க.